பதகளிப்பு நவத்தாரின் கரைக்காவல்

ஜேர்மனியில் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்திடம் போய் நவரத்தினம் என்று கேட்டால் எந்த நவரத்தினம் என்பார்கள். பதகளிப்பு நவத்தார் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். எதற்கெடுத்தாலும் பதறுகிறவர் என்று அந்தப் பட்டத்தை வைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் ஆளை நன்றாக அறிந்தவர்தான் வைத்திருக்கிறார். பத்து மணி ரயிலுக்கு நவத்தார் ஒன்பது மணிக்கே மேடையில் நிற்பார். வீட்டைப் பூட்டிப் படி இறங்கியவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பி ஏறுவார். அடுப்பைப் பார்த்துவிட்டு இறங்கியவர் பூட்டைப் பார்க்க இன்னொருமுறை ஏறுவார். மகள் தேனுஜா கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிறாள். அவள் போனை எடுக்கத் தாமதித்தால் சிநேகிதி, சிநேகிதியின் அறைத்தோழி என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டு, பிள்ளை குளித்துக்கொண்டிருந்தாள் என்று அறிந்தபிறகுதான் சாப்பிட உட்காருவார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்கள் உண்டு. சண்டைக்காலத்தைச் சொல்வார்கள், கிழக்கு பெர்லின் வழியாக ஒரு பையோடு வந்து சேர்ந்ததைச் சொல்வார்கள். அவருடைய தமக்கையாரைக் கேட்டால் கதை வேறு. தொட்டிலில் கிடக்கும்போதே கயிறு தாங்குமோ என்று மேலே பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளையாம். ஒன்று சொல்லவேண்டும். கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேலாக அவர் நிற்கிற யந்திரத்தில் இன்றுவரை ஒருவருடைய விரல்கூடப் போனதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் குளிர்த் தண்ணீரில் சுழியோடுகிற மனைவி வாய்த்தாள்.

சிவமலர் ஒன்றும் மீனாகப் பிறந்தவளல்ல. நாற்பது வயதுவரை அவளுக்கும் நீந்தத் தெரியாது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. அங்கே வயதானவர்களைச் சுடுநீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போகிறவர்கள் நீந்தத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும் என்று பொறுப்பாளர் சொன்னதால் நகரத்து நீச்சல் குளத்துக்குப் போனாள். நீந்தப் பழகியதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். அதே குளத்தில் சுழியோடிகள் சங்கம் ஒன்றும் பயிற்சி நடத்தியது. அதன் ஆசிரியை ஹைகே, குட்டைத் தலைமயிரும் பெரிய குரலும் உள்ள பெண்மணி. ஒரு நாள் சிவமலரின் முதுகில் சிலிண்டரைக் கட்டிக் குளத்தின் அடியில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த சிவமலர் கணவரிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

"கீழை என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லையப்பா."

இல்லத்தில் வேலை நேரம் முழுதும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஐந்தாம் அறையில் தண்ணீர் வேண்டும், ஒன்பதாம் அறையில் தலையணை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் நவத்தார் கூப்பிடுவார்: மலர், அடுப்பு நிப்பாட்டினதோ, மலர், பிள்ளை போன் எடுத்தவளோ. தண்ணீருக்கடியில் அவளுடைய மூச்சின் சத்தம் மட்டும்தான். இது நவத்தாருக்கு விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. விளங்கியபிறகு தடுக்க மனம் வரவில்லை. பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் இருந்து பயப்படுவதைவிடக் கரையில் நின்று பயப்படுவது மேல் என்று முடிவுகட்டி, வேலைமுறையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பத் தொடங்கினார்.

அவர்கள் போகிற இடம் சௌவர்லாண்ட் மலைப்பக்கம். கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பெருங்குழி. வேலை நின்றபோது தண்ணீர் இறைக்கும் யந்திரங்களையும் நிறுத்திவிட்டார்கள். ஊற்று ஏறி ஏறிக் குழி ஏரியாகிவிட்டது. நடுவில் வெட்டாமல் விட்ட பாறைமேடு தீவாக மிஞ்சி நிற்கிறது, அதன் தலையில் நாலைந்து மரங்கள். சுற்றிவரச் செங்குத்தான கற்சுவர் என்றபடியால் காற்று உள்ளே வராது. மேலே காடு பேயாட்டம் ஆடினாலும் தீவைச் சுற்றித் தண்ணீர் அசையாமல் கிடக்கும். சுழியோடிகளுக்கு அது சொர்க்கம். நவத்தாருக்கு அந்த அமைதியைக் கண்டாலே ஆகாது. அலையடித்தாலாவது தண்ணீர் என்ன நினைக்கிறதென்று தெரியும் என்பார்.

இறங்குதுறையில் பாறையோடு சேர்த்து அடித்த இரும்பு ஏணி ஒன்று தண்ணீருக்குள் ஆழத்துக்குப் போகிறது. ஏணியின் பக்கத்தில் ஒரு சுத்தியல் தொங்கும். ஆபத்தென்றால் அதை எடுத்து ஏணியில் அடிக்கவேண்டும். இரும்பின் சத்தம் தண்ணீருக்குள் எல்லாப் பக்கமும் கேட்கும். கேட்டவர்கள் எல்லோரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு மேலே வரவேண்டும். இது சங்கத்தின் சட்டம். நவத்தார் முதல் நாளே இந்தச் சுத்தியலைப் பார்த்துவைத்துக்கொண்டார்.

போன இலையுதிர்காலத்தில் அதை எடுத்தும் விட்டார். தண்ணீரின் மேல் வந்துகொண்டிருந்த மூச்சுக் குமிழிகள் திடீரென்று காணாமல் போயின. ஓடிப்போய் அடி அடியென்று அடித்தார். ஏரியின் நாலு மூலையிலுமிருந்து பதினொரு பேர் மேலே வந்தார்கள், பதினொரு பேரும் சுகமாக. சிவமலர் தீவின் பின்பக்கம் போயிருந்தாள், அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் சொல்வதற்கு ஜேர்மன்காரரிடமும் ஏதோ ஒரு பழமொழி இருக்கிறது. அன்றைக்கு அதை ஆளுக்கொரு தரம் சொல்லிச் சிரித்தார்கள். சிவமலர் சிரிக்கவில்லை. கார் ஹம்முக்கு வந்து சேரும்வரை வாய் திறக்கவுமில்லை.

அதன்பிறகு தை மாதத்தில் ஊன்ட்றொப் அம்மாள் கோவிலில் ஒரு சம்பவம். பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, நவத்தாருக்கு முன்னால் நின்ற புஷ்பா அக்கா திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, மலர் தாலிக்கொடியைக் கழட்டி வைச்சிட்டோ தண்ணிக்கை இறங்கிறவ?"

"ஓம் அக்கா. அது அங்கத்தைச் சட்டம்."

"சட்டம் கிடக்கட்டும். புருசன் இருக்கேக்கை வெறுங்கழுத்தோடை அந்த ஆழத்துக்கை போறது நல்லதில்லையடா தம்பி. கொடி கழுத்திலை கிடந்தா அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

நவத்தார் சிரித்துச் சமாளித்தார். ஆனால் சொல் உள்ளே இறங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், தாலி என்பது புருசனின் உயிருக்கு என்று கட்டுகிற காவல். பெண்சாதியின் உயிருக்குக் காவலாக எவரும் எதையும் கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. இதைப் புஷ்பா அக்காவுக்கு எடுத்துச்சொல்லும் துணிவு நவத்தாருக்கு வராது. அன்றிலிருந்து, அவள் இறங்கப் போகும் நாட்களில் சுவாமிப் படத்துக்கு முன்னால் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருக்கும் கொடியைக் காணும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனியில் சிவமலருக்கு ஒரு சோதனை வந்தது. குளிர்நீரில் தனியே வழிகாட்டிச் செல்லலாம் என்று சங்கம் கொடுக்கிற சான்றுக்கான கடைசி இறக்கம். தீவை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரவேண்டும். அவள் முன்னே போவாள், ஹைகே பின்னால் பார்த்துக்கொண்டு வருவாள். இடையில் குழம்பினால் அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்கவேண்டும். முதல் நாள் பின்னேரம் அவள் உடுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நவத்தார் வாசற்படியில் வந்து நின்றார்.

"மலர், நாளைக்கு மட்டும் கொடியைக் கழட்டாமல் இறங்குமன்."

"என்னப்பா விசர்க்கதை? கழுத்திலை ஒண்டும் இருக்கக்கூடாதெண்டு ஹைகே படிச்சுப் படிச்சுச் சொல்லுறவ."

"உள்ளுக்கை, நெஞ்சோடை கிடந்தா ஆருக்குத் தெரியப்போகுது? எனக்காக."

சிவமலர் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கிழமைக் கணக்காக மனுசன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். றப்பருக்குக் கீழே, நெஞ்சில் கிடந்தால் ஒன்றும் செய்யாது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

"சரி. போட்டுக்கொண்டு இறங்கிறன். ஆனா நீங்கள் அந்தச் சுத்தியலைத் தொடக்கூடாது. போன முறை மாதிரி நாளைக்கும் மானத்தை வாங்கினா நான் பேந்து அந்த ஏரிப்பக்கமே போகமாட்டன். அம்மாள் மேலை சத்தியம் பண்ணுங்கோ."

நவத்தார் சத்தியம் பண்ணினார்.

மறுநாள் பாறை இடுக்குகளில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. தண்ணீர் ஐந்து பாகைக் குளிர் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அந்தக் குளிரில் இறங்குகிறவர்கள் தண்ணீர் உள்ளே புகாத முழு உடுப்பைப் போடுவார்கள். உள்ளே கம்பளிபோல ஒரு தடித்த சட்டை. வெளியே கால் முதல் கழுத்துவரை மூடிய உறை. கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்க மெல்லிய றப்பர். சிவமலர் கார்க் கதவுக்குப் பின்னால் நின்று கொடியைச் சட்டைக்குள்ளே ஆழமாகத் தள்ளிவிட்டு, பின்கழுத்தில் கிடந்த பாகத்தைக் கீழே இழுத்து மறைத்தாள்.

இறங்குவதற்குமுன் ஒருவரையொருவர் சோதிப்பது வழக்கம். ஹைகே சிலிண்டரைத் திறந்து பார்த்தாள், பட்டிகளை இழுத்துப் பார்த்தாள், முதுகில் உடுப்பை மூடும் சிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"தோடு, சங்கிலி எல்லாம் கழற்றியாயிற்றா?"

"கழற்றியாயிற்று," என்றாள் சிவமலர். சொல்லும்போது அவளுடைய கண் நவத்தாரிடம் போய்த் திரும்பியது.

நவத்தார் இரண்டு முழத் தூரத்தில் தேநீர்க் குடுவையோடு நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனுசி. இல்லத்தில் மாத்திரையைப் பிந்திக் கொடுத்தால்கூடத் தானாகப் போய்ச் சொல்லிவிடுகிறவள். தனக்காகத்தான் இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்று அவருக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏணிப்படியில் அவளுடைய தலை தண்ணீருக்குள் போய் மறைந்தது.

கரைக்காவலுக்கு அன்றைக்கு ஊவே என்ற கிழவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தபிறகு தண்ணீரில் இறங்காமல் மடக்குக் கதிரையில் இருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறார். மடியில் ஒரு பழைய உடுப்பை வைத்துக் கழுத்து றப்பரை மாற்றிக்கொண்டிருந்தார். நவத்தார் குமிழிகளைப் பார்த்தார். இரண்டு வரிசைக் குமிழிகள் தீவை நோக்கி நகர்ந்தன. தீவை அடைந்தன. இடது மூலையைத் திரும்பின. அதன்பிறகு பாறை மறைத்துவிட்டது. பயத்தை அடக்க ஏதாவது பேசவேண்டும் என்று ஊவேயின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"இந்த றப்பர் ஏன் இவ்வளவு இறுக்கம்? மூச்சு முட்டாதா?"

"இறுக்கமாக இருக்கத்தான் வேண்டும், நவா," என்றார் ஊவே. "ஒரு தலைமயிர் அடியில் அகப்பட்டாலே போதும், வாய்க்கால் வெட்டியதுபோலத் தண்ணீர் உள்ளே வரும். நேராக நின்றால் சில நேரம் தெரியாது. பாறைக்குக் கீழே ஏதாவது பார்க்கலாம் என்று தலையைச் சாய்த்தாயோ, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் காலுக்கு ஏறிவிடும். காற்று விட்ட இடத்துக்குக் கழுத்தால் தண்ணீர் வரும். உடுப்பு கனத்துப்போகும். முதலில் விரல் சொல்வழி கேளாது, பிறகு புத்தி கேளாது. நல்லாய்த்தான் இருக்கிறேன் என்று கை காட்டிக்கொண்டே விறைத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்."

நவத்தார் அந்த றப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சங்கிலி என்றால்?"

"சங்கிலியா?" ஊவே சிரித்தார். "தலைகீழாகச் சாய்ந்தால் சங்கிலி நேரே கழுத்துக்குத்தான் வழுக்கி வரும். ஆனால் சங்கிலியோடு எந்த மடையன் இறங்குவான்?"

மடையன் பக்கத்தில்தான் குந்தியிருந்தான். நவத்தார் எழுந்தார். தாலி என்பதற்கு ஜேர்மன் மொழியில் சரியான சொல் கிடையாது. கல்யாணச் சங்கிலி என்றார். கழற்றக்கூடாதது என்றார். அவள் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள் என்றார். எவ்வளவு தடிப்பு என்று ஊவே கேட்க, தன் சின்னவிரலைத் தூக்கிக் காட்டினார். ஊவேயின் சிரிப்பு நின்றது.

"ஹைகே பக்கத்தில் இருக்கிறாள்," என்றார் கிழவர் கொஞ்சம் பொறுத்து. "பாதி சுற்றியிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். போன தடவையும் நீ..."

நவத்தார் தீவைப் பார்த்தார். பாறை, மரம், அசையாத தண்ணீர். வலது மூலையில் குமிழி இல்லை. சுத்தியல் கையெட்டும் தூரத்தில் தொங்கியது. அடித்தால் சோதனை முறியும். அடுத்த குளிர்காலம்வரை அவள் காத்திருக்கவேண்டும். இல்லை, காத்திருக்கமாட்டாள். ஏரிப்பக்கமே போகமாட்டேன் என்று சொன்னவள் போகமாட்டாள்தான். மணி அடிக்காத ஒரே இடம் அவளுக்கு இல்லாமல் போய்விடும். புலி வருகுது, புலி வருகுது என்று கத்தியவன் கதை சின்ன வயதில் படித்தது ஞாபகம் வந்தது. அம்மாள் மேல் சத்தியமும் பண்ணியாகிவிட்டது. சத்தியத்தை மீறினால் எது வருமோ என்று நடுங்குகிற மனுசன் அவர். வாக்குத் தவறியதற்குத் தண்டனை தண்ணீருக்குள் இருப்பவள் மேல் விழுந்தால் என்ன செய்வது என்றுகூட அந்த நேரத்திலும் ஓடியது அந்த மண்டை.

பிறகு அவருக்கு அவளுடைய முகம் ஞாபகம் வந்தது. கழற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்த முகம். கழுத்தில் தண்ணீர் புகுந்தாலும் இவள் திரும்பமாட்டாள். திரும்பினால் ஹைகே கழுத்தைத் திறந்து பார்ப்பாள். பார்த்தால் பொய் வெளிப்படும். பொய்யைக் காப்பாற்றப் போய் இவள் விறைத்துச் செத்துப்போவாள்.

"அம்மாளே, கோபிக்கிறதெண்டா என்னைக் கோபி," என்று சொல்லிக்கொண்டு சுத்தியலைப் பிடுங்கினார்.

அடித்தார். கற்சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது. இரும்புக் குளிர் கையை எரித்தது. ஊவே ஏதோ சொன்னது காதில் விழவில்லை. அடித்துக்கொண்டே நின்றார். ஏரியில் அங்கங்கே தலைகள் எழும்பின. ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். அவள் இல்லை. மேலே வருவதற்கும் நிதானம் வேண்டும், அவசரப்பட்டு வந்தால் அதுவே ஆளைக் கொல்லும் என்று ஹைகே முன்பு சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்தார். தூரத்தில் ஒருவன், மறுபடியும் அவர்தானா என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும்.

அப்போது தீவின் பின்பக்கமிருந்து விசில் சத்தம் வந்தது. விட்டுவிட்டு அல்ல, நீளமாக.

ஊவே நொண்டிக்கொண்டு துடுப்பு வள்ளத்துக்கு ஓடினார். நவத்தார் இறங்குதுறையின் நுனிக்குக்கூட ஒருநாளும் போனதில்லை, நீந்தத் தெரியாது. அவர் எப்போது வள்ளத்துக்குள் குதித்தார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஊவே துடுப்பு வலித்தார். நவத்தார் முன்னால் முழந்தாளில் நின்று, கெதியா, கெதியா என்று தமிழிலேயே கத்திக்கொண்டு போனார்.

பாறையின் பின்பக்கத்தில் ஹைகே ஒரு கையால் கல்லைப் பிடித்து மறுகையால் சிவமலரின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். சிவமலரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. உடுப்பு முழுக்கத் தண்ணீர் குடித்துக் கீழே இழுத்தது. நவத்தார் தோள்வரை இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு அவளுடைய பட்டியை எட்டிப் பிடித்தார். குளிர் எலும்பில் ஏறியது. விடவில்லை. சிவமலர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பல் கிட்டியபடியே பேசினாள்.

"நீங்கள்... ஏன் வள்ளத்திலை ஏறினனீங்கள்... நீந்தத் தெரியாதெல்லோ..."

நவத்தாருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கரைவரை பிடித்துக்கொண்டு வந்தார்.

இறங்குதுறையில் முதுகுச் சிப்பைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. ஹைகே விரலை விட்டுக் கழுத்து றப்பரை இழுத்தாள். பின்கழுத்தில், றப்பருக்குள் சரியாக அகப்பட்டு, தங்கக் கொடி மின்னியது.

"கழற்றியாயிற்று என்று சொன்னாய்," என்றாள் ஹைகே. அவளுடைய பெரிய குரல் அப்போது சின்னதாக இருந்தது.

நவத்தார் முன்னுக்கு வந்தார். கூட்டத்துக்கு முன்னால் ஜேர்மன் பேச வெட்கப்படுகிறவர், இலக்கணம் எல்லாம் தலைகீழாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னது நான். அவள் உனக்குப் பொய் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டதும் நான். எனக்குப் பயம். என்னுடைய பயத்துக்காகச் செய்தாள்."

ஹைகே அவரையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"முதலில் சூடு," என்றாள்.

ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, இரண்டு போர்வையால் சுற்றிச் சிவமலரைக் காரில் இருத்தினார்கள். நவத்தார் சூடாக்கியை முழுதாக முடுக்கிவிட்டுச் சீனி அள்ளிப்போட்ட தேநீரை மிடறு மிடறாகப் பருக்கினார். அவளுடைய நடுக்கம் மெதுவாக அடங்கியது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது.

"ஒரு பெரிய விலாங்கு," என்றாள் சிவமலர் கடைசியில். "கல்லுக்குக் கீழை கிடந்தது. குனிஞ்சு பாத்தன். அப்பத்தான் பின்கழுத்திலை நூல் மாதிரிக் குளிர் இறங்கினது."

"ஹைகேக்குக் காட்டியிருக்கலாமே."

"நல்லா இருக்கிறன் எண்டுதான் காட்டினன். திருப்பித் திருப்பி அதைத்தான் காட்டினன். திரும்பினாப் பொய் பிடிபட்டுடும். இன்னும் கொஞ்சத் தூரம்தானே, சுத்தி முடிச்சிடலாம் எண்டு நினைச்சன். பிறகு என்ன நினைச்சன் எண்டே தெரியேல்லை. இரும்புச் சத்தம் கேட்டவுடனை உங்களிலை சரியான கோபம். அந்தக் கோபத்திலைதான் மேலை பாத்தன்." அவள் தேநீரைப் பிடித்த கைகளைப் பார்த்தாள். "அடிச்சிருக்காட்டி நான் மேலை வந்திருக்கமாட்டனப்பா."

நவத்தார் போர்வையை அவளுடைய தோளுக்கு ஏற்றிவிட்டார். சிவமலர் தலையைக் குனிந்தாள்.

"இனி நான் இறங்கேல்லை. உங்களுக்கும் நிம்மதி."

இத்தனை வருடமாக நவத்தார் காத்திருந்த சொல் அதுதான். ஓம் என்றால் போதும். நாளையிலிருந்து சனிக்கிழமைகளில் நிம்மதியாகச் சாப்பிடலாம், குமிழி பார்க்கத் தேவையில்லை. வாயைத் திறந்துவிட்டார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். தொடர்ந்து இரண்டு வேலைமுறை செய்துவிட்டு வரும் நாட்களில் இருக்கிற முகம். யார் கூப்பிட்டாலும் எழும்பிப் போகிற முகம். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் ஓம் சொல்ல முடியவில்லை.

"இறங்கும்," என்றார். "கொடியைக் கழட்டிப்போட்டு இறங்கும்."

"படத்தடியிலை வைச்சா உங்களுக்குச் சோறு இறங்காது."

"அங்கை வைக்கவேண்டாம்." அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தை அவள் பக்கம் நீட்டினார். "இஞ்சை போட்டுவிடும். நீர் வாறவரைக்கும் நான் போட்டுக்கொண்டு நிக்கிறன்."

சிவமலர் திகைத்துப்போனாள். "விசரே உங்களுக்கு? ஆம்பிளை தாலி போடுறதே? ஆரும் கண்டால் என்ன கதைப்பினம்? கோவில்லை தலை காட்டேலுமே?"

"கதைக்கட்டும். இவ்வளவு நாளும் நீர் எனக்காகத்தானே போட்டனீர். தண்ணிக்கை போறது நீர். கரையிலை நிக்கிறவன் உமக்காகப் போட்டாலென்ன? வெளியிலை வந்தவுடனை நானே திரும்பக் கட்டிவிடுறன்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"நீர் இறங்கிற ஒவ்வொரு முறையும்."

அவள் கொடியைக் கழற்றினாள். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. கொளுக்கியைப் பூட்ட நேரம் எடுத்தது. அது ஈரமாகவும் குளிராகவும் அவருடைய நெஞ்சில் விழுந்தபோது நவத்தாருக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. எவ்வளவு பாரம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிவமலர் அவருடைய சட்டைப் பொத்தானைப் பூட்டப் போனாள். வேண்டாம், கிடக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். நவத்தார் ஆவியைத் துடைத்துக் கண்ணாடியை இறக்கினார். ஹைகே நின்றாள். அவருடைய கழுத்தைப் பார்த்தாள், சிவமலரின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள்.

"உடுப்பு காய்ந்துவிடும். தண்ணீர் சூடாகுமுன் சோதனையை இன்னொரு தரம் வைத்துப் பார்க்கலாம்," என்றாள். "இரண்டு கிழமையில் வருவாயா?"

சிவமலர் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். நவத்தார் வருவாள் என்று தலையாட்டினார். தலையாட்டும்போதே அவருடைய கண் ஏணிப் பக்கத்தில் சுத்தியலைத் தேடத் தொடங்கிவிட்டது.